முதல்ல மோந்து பாரு, அப்புறம் உதை

மச்சான்,

போன சனிக்கிழமை உன் வீட்டில் தோசை சாப்பிட்டேன். பொறாமைப்படாதே. பொடியில் குழி பறித்து உன் சம்சாரம் நல்லெண்ணெய் ஊற்றினாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் மேசைக்கு அடியில் என் வலது கால் தானாக மோட்டார் சைக்கிள் கிக்கரைத் தேடியது.

"என்னண்ணே, காலு துடிக்குது?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. இந்த வாசம் வந்தா எனக்கு எதையாச்சும் உதைக்கணும்."

கரண்டியை ஓங்கினாள். கூடவே சிரித்தும் விட்டாள். நீ போய்ச் சேர்ந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

தோசை போடுவதற்காக அவள் என்னைக் கூப்பிடவில்லை. கொட்டகையில் கான்வாஸ் போர்த்திக் கிடக்கும் உன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பித் தரணுமாம். அதை அப்புறம் சொல்றேன். முதலில் பழைய கதை. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நம்ம ஊர் பண்டமாரானில் நான் எப்ப ஆரம்பித்தாலும் நீ குறுக்கே பூந்து கெடுத்துவிடுவாய். இப்பத்தான் முழுசாகச் சொல்ல முடியுது.

தமிழ்நாட்டிலிருந்து அவளை நீ கட்டிக்கொண்டு வந்த புதுசு. அவள் இங்கே தங்குகிற பாஸைப் புதுப்பிக்க, கோலாலம்பூர் இமிகிரேஷன் ஆபீசில் புருஷனும் கூட நிற்கணும். நீயோ மாதக்கணக்காகச் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில். அவர்கள் லீவு கொடுத்து நீ ரயிலில் வந்து இறங்கியது பாஸ் முடிகிற அன்றைக்குக் காலையில். அதுவும் சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். பாஸில் சாப்பு, அதான் முத்திரை, விழவில்லை என்றால் திருப்பி அனுப்பிடுவாங்க என்று யாரோ அவளைப் பயமுறுத்தி, பாவம், பெட்டியைக்கூடக் கட்டி வைத்திருந்தாள்.

பஸ் பிடித்து, கிள்ளானில் மாறி, போய்ச் சேருவதற்குள் ஆபீசைப் பூட்டிவிடுவான். "வண்டி எதுக்கு இருக்கு!" என்று கான்வாஸை இழுத்துப் போட்டாய். உதைத்தாய். ஒரு இருமல்கூட இல்லை. மாத்தி, செத்துக் கிடக்கு. நான் டாக்ஸி தேடி ஓடினேன், ஸ்டாண்டு காலி. திரும்பி வந்தால் நீ இன்னும் உதைத்துக்கொண்டே இருக்கிறாய். கிக்கர் திருப்பி அடித்து உன் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருக்கு.

"நெருப்பு வருது லா. அப்புறம் என்ன கேடு இதுக்கு?" என்றேன், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு.

"உன் மூஞ்சியப் பாத்திருக்கும்" என்றாய்.

பிளக்கை வாங்கித் துடைக்கப் போனவன், என்ன தோன்றியதோ, மூக்குக்கிட்ட கொண்டு போனாய். உன் முகம் மாறிப்போச்சு. "டேய், இது என்னடா இட்லிப் பொடி வாசம்?"

வாசலில் நின்ற தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்: "நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க, வண்டியில எண்ணெய் காயாமப் பாத்துக்கன்னு? வாராவாரம் டாங்கியத் தெறந்து ஊத்துனேங்க. எங்கம்மா குடுத்துவிட்ட நல்லெண்ணெய். வெள்ளிக்கிழமை என் தலைக்குக்கூட வைக்கல."

எண்ணெய்! நாம் பெட்ரோலையும் எண்ணெய் என்றுதானே சொல்கிறோம். அங்கிருந்து வந்தவளுக்கு எண்ணெய் என்றால் எண்ணெய்தான். மாதக்கணக்கில் உன் வண்டிக்கு அவள் எண்ணெய்க் குளியல் போட்டிருக்கிறாள்.

நீ கத்தப் போகிறாய் என்று நினைத்தேன். அவளைப் பார்த்தாய். உள்ளே கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்தாய். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாய். "உன் தலைக்கு வச்சிருக்கலாமே, புள்ள."

"வண்டி உங்க உசுருன்னீங்க."

நீ பிளக்கை என் கையில் கொடுத்தாய். என்னைப் பார்த்து, "மச்சான், இனிமே எதுவா இருந்தாலும் முதல்ல மோந்து பாரு, அப்புறம் உதை" என்றாய்.

டாங்கியைக் கவிழ்த்துக் கொட்டினோம். புது பெட்ரோல் ஊற்றி அலசினோம். கார்புரேட்டரைப் பிரித்தால் உள்ளே மிட்டாய்ப் பாகு மாதிரி ஒட்டிக் கிடந்தது. அவளுடைய விளக்குமாற்றுக் குச்சியால்தான் துவாரத்தைக் குத்தி விட்டேன். வண்டி இருமியது, தும்மியது, கிளம்பிவிட்டது! அந்தப் புகை இருக்கே, பண்டமாரான் முழுக்கத் தாளிப்பு வாசம். பாஸ்போர்ட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள்.

நான் வாசல் கேட்டிலேயே நின்றேன். பெருசாகக் கிண்டல் அடிக்கிறவன்தான், அன்றைக்குத் தெருமுனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மத்தியானம் தாண்டியும் சத்தமே இல்லை. அப்புறம் வாசம் முதலில் வந்தது, வண்டி பின்னால் வந்தது. நீ பல்லைக் காட்டினாய். அவள்தான், "சாப்பு போட்டவரு மூக்கப் பொத்திக்கிட்டாருண்ணே" என்றாள். உள்ளே போய்ப் பெட்டியைப் பிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் நீ கடைசியாக என்னிடம் கேட்டது ஞாபகம் இருக்கு. "நான் போனா அவ ஊருக்கே போயிடுவாளா மச்சான்?" அப்போ நான் ஏதோ கிண்டல் பண்ணிச் சமாளித்தேன். எனக்கும் தெரியவில்லை, அதான். இப்போ பதில் வந்திருக்கு, அதைச் சொல்லத்தான் இந்த மடல். அவள் அண்ணன்மார் வந்துவிடச் சொல்லி விடாமல் கூப்பிட்டார்கள். "எனக்கு இங்கதான் வீடு"ன்னு சொல்லிவிட்டாள். லைசென்ஸ்கூட எடுத்துவிட்டாள், மச்சான். காய்கறி வாங்கப் பாசாருக்கு உன் வண்டியில்தான் போவாளாம்.

"இந்தத் தடவ நான் ஒண்ணும் ஊத்தலண்ணே" என்று கான்வாஸை எடுத்தாள். நான் காலைத் தூக்கவில்லை. டாங்கியைத் திறந்து மூக்கை வைத்தேன். கெட்டுப்போன பெட்ரோல், பழைய பெயிண்ட் வாசம். கொட்டி, கழுவி, பிளக்கைத் துடைத்த பிறகுதான் உதைத்தேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது, உன்னை மாதிரியே. அப்புறம் கிளம்பிவிட்டது.

அவள் போனாள். நான் அதே கேட்டில் நின்றேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பட்டறை வேலையும் முழுசாக வராது. மோந்து பார்க்க மட்டும் வரும், நீ விட்டுப்போனது அது. மனுஷங்க முரண்டு பிடித்தாலும் இப்போ அதைத்தான் செய்றேன். உதைக்கிறது குறைஞ்சு போச்சு.

வண்டி திரும்பி வந்தது. கூடையில் கீரைக்கு நடுவே ஒரு பாட்டில் நல்லெண்ணெய். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்:

"வண்டிக்கு இல்லண்ணே. என் தலைக்கு."