நடு வாங்கில் தொலைந்த குரல்

என் அன்புக்கும் ஆயுட்காலச் சண்டைக்கும் உரிய மச்சான் அருளப்பு,

நீ போய் முப்பத்தொரு நாள் தாண்டிவிட்டது. கோயில் திருநாள்களுக்கு ஸ்பீக்கர் கட்டும் மன்னார்த் தீவின் ஒலிச் சக்கரவர்த்தியாக உன் கதிரையில் இப்போது நான்தான் இருக்கிறேன். முடிசூட்டு விழாவுக்கு ஒருவரும் வரவில்லை. எனக்கும் எழும்பி நிற்கச் சீவன் இல்லை. உன் தங்கச்சி ஒரு தேத்தண்ணி தந்தாள், அவ்வளவுதான்.

இடப்பக்க ஸ்பீக்கருக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று நீ வைத்திருந்த பழைய அம்பிளிபயர் சோடியில் ஒன்று, நீ போன அதே கிழமைக்குள் புகைந்து போனது. அந்த இடத்துக்குப் புது மாதிரி ஸ்விட்சிங் அம்பிளிபயர்ப் பெட்டி ஒன்று வாங்கினேன். பழசைத் தூக்க ஏழு யானை வேண்டும். இதை ஒரு நெத்தலி மீனின் முதுகில் ஏற்றி அனுப்பலாம்.

இந்தச் சாதிப் பெட்டிக்காக நாம் சண்டை பிடிக்காத திருநாள் உண்டா? "அது ஃபேஸைத் தள்ளுதடா" என்பாய். உள்ளே போன ஒலியலை வெளியே வரும்போது கொஞ்சம் பிந்துகிறதாம்.

"நுளம்பு கொட்டாவி விடுற நேரம்! ஆற்ற காதுக்கு அது விளங்கும்? வௌவாலுக்கோ?" என்பேன் நான்.

"தனிய நிண்டால் காரியமில்லை மச்சான். பழசோட சோடி சேர்த்துப் பார், அப்ப தெரியும்."

நான் எங்கே கேட்டேன்?

முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன், நீ கோயிலில் முன்பு சொன்ன செபமாலையைப் போடச் சொன்னாள் உன் றீற்றா. பதிவு உன் மகளின் போனில் இருந்தது. வழக்கம்போல் இடப்பக்க ஸ்பீக்கரடியில் நின்று கேட்டேன், அருமை. வலப்பக்கத்திலும் நின்றேன், தெருவில் திரியும் உப்புக்குளத்துக் கழுதைகளே கேட்டு முழந்தாளிடும்.

றீற்றா இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஆட்கள் இருக்கும் மர வாங்குகளில் நடு வாங்கில் இருந்தாள். உன் குரல் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எழும்பி என்னிடம் வந்தாள்.

"அண்ணை, இது ஆர்?"

"உங்கட மனுசன்தான் பிள்ளை."

"இல்லை. ஆரோ தகரப் பேணிக்குள்ள இருந்து கதைக்கினம். அவற்ற குரலில நெஞ்சு இருக்கும்."

அவளுடைய இடத்தில் போய் இருந்து பார்த்தேன். நெஞ்சு இல்லை, மச்சான். இரண்டு பக்கத்திலும் முழுசாக நின்ற நீ, நடுவில் வெறும் மூக்காக இருந்தாய். இந்தப் பெட்டி பிந்துவதோடு நிற்கவில்லை, அலையையே தலைகீழாகப் புரட்டி அனுப்புகிறது. பழசு தன் பக்க ஸ்பீக்கரை முன்னே தள்ள, புதுசு தன் பக்கத்தைப் பின்னே இழுக்கிறது. ஒரே வலையை இரண்டு சம்மாட்டிமார் எதிரெதிராக இழுத்தால் கரைக்கு என்ன வரும்?

புதுப் பெட்டியில் இருந்து ஸ்பீக்கருக்குப் போன இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பூட்டினேன். பதிவை முதலில் இருந்து திரும்பப் போட்டேன். றீற்றா என்னைப் பார்க்கவே இல்லை. செபமாலை முறைப்படி நீ உன் பாதிச் செபத்தைச் சொல்லி நிறுத்த, மற்றப் பாதியை அவள் சொல்லத் தொடங்கினாள்.

வயரை மாற்றியும், கீச்சென்ற உச்சிச் சத்தங்களில் அந்த நுளம்புக் கொட்டாவிப் பிந்தல் இன்னும் இருக்குமோ? யாரிடம் கேட்பேன்? சண்டை பிடிக்கவும் ஆளில்லாமல் களைத்துப் போனேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி ஸ்பீக்கரடியில் நின்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நடு வாங்கில் இருந்து நான் கேட்டு முடிக்கும் வரை, பாப்பரசரே வந்தாலும் வாசலில் நிற்கட்டும்.

உன் தங்கச்சியைக் கட்டியதால் உனக்கு மச்சானும், உன் மகளுக்கு மாமாவும்,
இப்போது தோற்றவனுமான
ஞானப்பு