யாருக்கும் விரதமில்லாத நாள்

பாப்பா, மாடி வீட்டில் நவராத்திரி தொடங்கிவிட்டது. மத்தியானம் ஜவ்வரிசியை நெய்யில் வதக்கும் வாசனை படியிறங்கி நேரே நம் அடுப்படிக்கு வந்தது. ஹிந்திக்கார ஆன்ட்டியின் விரதக் கிச்சடிதான். சன்னலைச் சாத்தினேன். சாத்தியும் போகவில்லை. வேலையை அப்படியே போட்டுவிட்டு, இல்லாத தங்கைக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் தீவில், டெய்ரி ஃபார்ம் பேட்டையில், நம் காம்பவுண்டில் விரதத்துக்கா பஞ்சம்? ஆன்ட்டிக்கு நவராத்திரியும் திங்கட்கிழமையும். எதிர்வீட்டு வங்காளி அக்காவுக்கு வியாழக்கிழமை லட்சுமி. நம் வீட்டில் சஷ்டி, கார்த்திகை, பிரதோஷம். அவரவர் சாமிக்கு அவரவர் நாள். பிளஸ் டூ படித்த நீ மட்டும் எல்லாருடைய நாளையும் எடுத்துக்கொண்டாய். "கித்னி பக்தி ஹை இஸ்மே", இவளுக்குத்தான் எத்தனை பக்தி என்று ஆன்ட்டி மெச்சும்போதெல்லாம் எனக்குத் தலைகால் புரியாது. வேலை பார்க்கும் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, "என் தங்கச்சி மாதிரி ஒருத்தியைக் காட்டுங்க பார்ப்போம்" என்று பீற்றிக்கொள்வேன். என் வாய் சும்மா இருந்ததே இல்லை.

எங்களுக்கு மட்டும் விதவிதமாகச் சமைத்துப் போடுவாய். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருப்பாய். இந்த வயசில் யாருக்கு இந்தப் பொறுப்பு வரும் என்று அம்மா கண்கலங்குவாள்.

ஃபேன் நின்றால் ஆள் நனைந்துபோகும் ஊரில் நீ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படித்தாய். மெயின்லேண்ட் போனபோது ஊட்டிக்காக அப்பா வாங்கியது. "என்னடி, காஷ்மீர்லயா இருக்கே?" என்று கேலி செய்தேன். நீயும் சிரித்தாய். முடி கொட்டியது, தண்ணீர் சரியில்லை என்றோம். படியேற மூச்சு வாங்கியது. பரீட்சைப் பயம் என்றோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

நீ மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "ரொம்ப பக்தி டாக்டர், அதான் இளைச்சிருக்கா" என்றாள் அம்மா. அந்த லேடி டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்: "இது பக்தி இல்லம்மா. பிடிவாதமும் இல்ல. சாப்பாட்டு மேல வந்த பயம், நோயா முத்திப்போச்சு. விரதம் அது ஒளிஞ்சுக்க ஒரு இடம், அவ்வளவுதான். இதுக்கு வைத்தியம் இருக்கு. சீக்கிரம் வந்தா நிறையப் பேர் மீண்டுடறாங்க."

நாம் சீக்கிரம் வரவில்லை. நான்காம் நாள் உன் இதயம் நின்றுவிட்டது.

இப்போதெல்லாம் எந்தப் பிள்ளை இளைத்தாலும் "அழகா ஆயிட்டே" என்று நான் சொல்வதில்லை. "சாப்பிடு, சாப்பிடு" என்று அதட்டுவதும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என்ன கஷ்டம் என்று கேட்கிறேன். போன மாதம் ஜங்லிகாட் பக்கம் குடியிருக்கும் என் சிநேகிதி ஒருத்தி, தன் மகள் இருக்கும் விரதங்களைப் பெருமையாக அடுக்கினாள். டாக்டரிடம் காட்டு என்றேன். எங்கள் பக்தி உனக்குக் கண்ணை உறுத்துகிறதா என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். நிறுத்தட்டும். மறுபடி போய்க் கதவைத் தட்டத்தான் போகிறேன்.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாதது ஒன்று இருக்கிறது. அதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

நாம் குடும்பத்தோடு வண்டூர் கடற்கரைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை. மணலில் உட்கார்ந்து அம்மா புளிச்சோற்றைப் பிரித்தாள். நீ விரதம் என்றாய். நான் மனசுக்குள் நாளை எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு எந்த வீட்டிலும், எந்தச் சாமிக்கும் விரதமில்லை. தெரிந்தும் பேசாமல் சாப்பிட்டேன். திரும்புகையில் பஸ்ஸுக்காக நின்றபோது என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாய்.

"அக்கா, இதை விட்டுடணும்னு இருக்கு. முடியல. தட்டைப் பார்த்தாலே பயமா இருக்கு. விட்டுடவா?"

உனக்கு எப்படிக் கேட்கத் தெரிந்ததோ அப்படிக் கேட்டாய். எனக்கு என்ன சொல்லத் தெரிந்ததோ அதைச் சொன்னேன்.

"நேர்ந்துகிட்டதைப் பாதியில விட்டா சாமி குத்தம்டி. முடிச்சுட்டு விடு."

"சரிக்கா" என்றாய். சின்ன வயசிலிருந்தே அம்மா பேச்சைக் கேட்கமாட்டாய், அப்பா பேச்சைக் கேட்கமாட்டாய். நான் சொன்னால் மட்டும் கேட்பாய். இதையும் கேட்டுவிட்டாய்.