எதிரே நின்று வலது கையைத் தூக்கியவளுக்கு

பாமன்கடைச் சந்தியில் புதிதாகத் திறந்திருக்கும் பிசியோ நிலையத்துக்குப் போன கிழமை போனேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே காலெடுத்து வைத்ததும் குழந்தைப் பவுடர் வாசம் அடித்தது. திரைக்குப் பின்னால் ஏதோவொரு பள்ளிக்கூடப் பிள்ளை முதுகை நிமிர்த்த இடுப்பைச் சுற்றிப் போடும் தன் பிளாஸ்டிக் பிரேஸைக் கழற்றிக்கொண்டிருந்தது. ஒட்டுப்பட்டி சர்ரென்று பிரிகிற சத்தம், அதன் பின்னால் வியர்வையும் பவுடரும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த அந்த மணம். நாற்பதைத் தாண்டிய பெண், நாலு பேர் பார்க்கிற இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். திரை விலகினால் நீ வருவாய் என்று ஒரு கணம் நம்பினேன். வந்தது இரட்டைப் பின்னல் போட்ட வேறு யாரோ. எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது.

அங்கே இருக்கும் பிசியோ மிகவும் சின்னப் பெண். என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க எக்சைஸ் விட்டுட்டீங்க போல. வளைவு கொஞ்சம் கூடியிருக்கு. இனியும் விட்டா வலி மட்டும் இல்ல, மூச்சும் கஷ்டமாகும்" என்றாள். பிறகு சுவரிலிருந்த நிலைக்கண்ணாடியைக் காட்டி, "இதுக்கு முன்னால வந்து நில்லுங்கோ" என்றாள்.

"கண்ணாடி வேண்டாம் தங்கச்சி" என்றேன்.

"கண்ணாடி இல்லாம நிமிர்ந்து நிக்கிறீங்களா இல்லையாண்டு எப்படி அக்கா தெரியும்?"

அவளுக்கு என்னவென்று சொல்வது? எனக்கென்று ஒரு கண்ணாடி இருந்தது, அது இரண்டு காலில் நடந்து ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வரும், வாய் ஓயாமல் கதைக்கும், இப்போது இல்லை என்றா சொல்வது? வீட்டில் அவசர வேலை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

உன்னை முதலில் பார்த்ததும் இந்த வாசத்தோடுதான். வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், முதுகுப் பயிற்சி நடக்கும் ஒரு மாடி அறை. நமக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூலையில் இருந்தேன். என் முள்ளந்தண்டு வளைகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு மாமியும் ஒவ்வொரு காரணம் கண்டுபிடித்தார்கள். புத்தகப் பை பாரம் என்றார் ஒருவர். சரிந்து படுக்கிற பழக்கம் என்றார் இன்னொருவர். எல்லோரும் கடைசியில் சொன்னது ஒன்றுதான்: "கூனாமல் நிமிர்ந்து இரு பிள்ளை." நிமிர முடிந்தால் நிமிர்ந்திருக்க மாட்டேனா?

நீ உள்ளே வந்தாய். வந்தவள் நேராக என்னிடம் வந்து, உன் சட்டைக்கு மேலால் உன் வயிற்றில் கதவைத் தட்டுவதுபோல் தட்டினாய். டொக், டொக். "உள்ள யாரு?" என்று நீயே கேட்டு, "யாருமில்ல, கடைக்குப் போயிருக்காங்க" என்று நீயே பதிலும் சொன்னாய். என் அம்மாவே சிரித்துவிட்டார். ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் கற்பூரமும் ஊதுபத்தியும் விற்கிற கடைக்காரரின் மகள் நீ. நீ "ஆமா" என்பாய், நான் "ஓம்" என்பேன். அதை வைத்து நாம் ஒருவரையொருவர் எவ்வளவு கிண்டல் செய்திருப்போம்.

பஸ்ஸில் நடந்த கதையை நீ எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாய் என்று தெரியாது. நெரிசலில் எவனோ ஒருவன் உன் இடுப்பைக் கிள்ள வந்து, விரல் பிளாஸ்டிக்கில் மோதி, பேய் கண்டவனாய் அடுத்த தரிப்பிலேயே இறங்கி ஓடினானாம். "கொழும்புல இருக்குற எல்லாப் பொண்ணுங்களுக்கும் இத மாட்டி விடணும்டி" என்றாய். அந்தக் கவசத்தை நான் அழுதுகொண்டு போட்டேன். நீ அதைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றினாய்.

அந்த அறையில் நமக்குப் பயிற்சி தந்த மிஸ் சிங்களப் பெண். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும், தங்கச்சி என்பதற்கு நங்கி என்பார், ஆனால் கைக்கு எல்லா மொழியும் தெரியும். விலா எலும்பு உள்ளே குழிந்துபோன பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, "நங்கி, மூச்சு இங்க. நான் கை வச்ச இடத்துக்கு" என்பார். இருப்பது ஒரு மூக்கு, அதில் இழுக்கிற மூச்சை ஒரு பக்கத்துக்கு மட்டும் எப்படி அனுப்புவது என்று எனக்கு விளங்கவே இல்லை. நீதான் சொன்னாய், "ஒரு பக்கம் நசுங்கின பந்துக்குக் காத்தடிக்கிற மாதிரி நெனச்சுக்க." அன்றைக்குத்தான் மிஸ்ஸின் கை லேசாக வெளியே தள்ளப்பட்டதை உணர்ந்தேன். என் உடம்பு நான் சொன்னதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கையை உயர்த்தி, உடம்பை நீட்டி, மூச்சைக் குழிக்குள் நிறைத்து, அப்படியே பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கீழே ரயில் போகும். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும், மிஸ் எண்ணுவது கேட்காது. ரயில் போய் முடியும்வரை பிடித்துக்கொண்டு நிற்பது என்று நாமாக ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். காலி நகருக்குப் போகிற நீளமான ரயில் வந்தால் உன் கன்னம் உப்பும், கண் பிதுங்கும், கடைசிப் பெட்டி போவதற்குள் பக்கென்று சிரித்துவிடுவாய். எனக்கும் போய்விடும்.

அந்த அறையிலும் ஒரு நிலைக்கண்ணாடி இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் பயிற்சி செய்தார்கள். நான் மட்டும் பார்க்க மாட்டேன். ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி, இடுப்பு ஒரு பக்கம் கோணி நிற்கிற அந்த உருவத்தை என்னால் சகிக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொள்வேன். வீட்டு அலுமாரிக் கண்ணாடியையும் அம்மாவின் பழைய சேலையால் மூடி வைத்திருந்தேன்.

அதனால் வந்ததுதான் அந்தப் பிழை. சித்திரை வருடப் பிறப்புக்கு மிஸ் ஊருக்குப் போய்விட்டார். நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய், இரண்டு பேரும் சுவரைப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் நின்று பயிற்சி செய்தோம். எனக்கு இடது வலது எப்போதுமே குழம்பும். நீ வலது கையைத் தூக்கினாய், நானும் தூக்கினேன். நீ எந்தப் பக்கம் நீட்டினாயோ நானும் அந்தப் பக்கம். என்ன ஒற்றுமையாகச் செய்கிறார்கள் என்று அம்மா வெள்ளரிக்காய் வெட்டிக் கொண்டுவந்து தந்தார்.

மிஸ் திரும்பி வந்து என் முதுகைத் தடவிப் பார்த்தார். கூடாத இடத்தில் தசை இறுகி, தொட்டாலே வலித்தது. "மொகத கலே?" என்று சிங்களத்தில் கேட்டார். என்ன செய்தோம் என்று பெருமையாகச் செய்து காட்டினோம். மிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ நங்கி, இது உன்னோட எக்சைஸ் இல்ல. இது அவளோடது!" உன் முதுகு இடப்பக்கம் வளைந்தது, என்னுடையது வலப்பக்கம். உனக்கு மருந்தாக இருந்தது எனக்கு அப்படியே நேர்மாறு. இத்தனை மாதம் ஒன்றாக இருந்தும் இரண்டு பேருக்கும் அது மண்டையில் ஏறவில்லை.

பிறகு மிஸ் நம் இருவரின் தோளையும் பிடித்துத் திருப்பி, முகத்துக்கு முகம் நிறுத்தினார். "இப்ப செய்." நீ வலது கையைத் தூக்கினாய். உன்னைப் பார்த்து நான் எந்தப் பக்கம் கை உயர்கிறதோ அந்தப் பக்கத்துக் கையைத் தூக்கினேன். என் இடது கை. சரியாக இருந்தது! உனக்கும் சரி, எனக்கும் சரி. "இனிமே கண்ணாடி வேணாம், என்னையப் பாரு" என்றாய். பார்த்தேன். உன்னைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது என் உடம்பு எனக்கு அருவருப்பாக இல்லை. உன்னிடம் இருந்த கோணல் எனக்குக் கோணலாகவே தெரியவில்லையே, அதனால்.

ஆனாலும் வளைவு உன்னைத்தான் ஏமாற்றியது. அடுத்தடுத்த எக்ஸ்ரேயில் என்னுடையது நின்ற இடத்தில் நின்றது, உன்னுடையது ஏறிக்கொண்டே போனது. ஒழுங்காகச் செய்தவள் நீ, சாட்டுச் சொல்லித் தப்பியவள் நான். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஒப்பரேஷன் என்று டொக்டர் சொன்னதும் உன் அப்பா கடையைப் பூட்டிவிட்டுக் கோயிலில் போய் இருந்துவிட்டார். நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். "நீ ஏன்டி அழற? உன்னையவா வெட்றாங்க?" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "முதுகுல கம்பி வச்சா இடி விழுமாடி?" என்று கேட்டாய். அப்போதுதான் நீயும் பயந்திருக்கிறாய் என்று தெரிந்தது.

உன் முதுகு நேரானது. உயரமும் கொஞ்சம் கூடியது. குனிய மட்டும் முடியாது. கீழே விழுந்ததை எடுக்க முழங்கால் மடித்து நேராக இறங்குவாய், "மகாராணி குனிய மாட்டா" என்பாய்.

அந்த வருடம் ஆடிவேல் தேர் உங்கள் பக்கமிருந்து எங்கள் பக்கம் வந்து போன பிறகு ஒரு நாள், மிஸ்ஸின் மாடிப்படியில் யாரோ மெதுமெதுவாக ஏறி வரும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. நீதான், உன் அம்மாவின் தோளைப் பிடித்தபடி.

"ஏன்டி வந்தனி? உனக்கு இனி இந்த எக்சைஸ் தேவையில்லையெண்டு மிஸ் சொன்னவ" என்றேன்.

"எங்க சாமியே வருஷத்துல ஒரு தடவ உங்க பக்கம் வருது, நான் வரக்கூடாதா?" என்றாய். மூச்சு வாங்கியது. கதிரையில் இருந்து ஆறிய பிறகு சொன்னாய், "எனக்குத் தேவையில்லதான். உனக்கு எதிர்ல யாரு நிப்பா?"

எழுந்து எனக்கு எதிரே வந்து நின்றாய். வளையாத முதுகோடு, வலது கையை முடிந்த மட்டும் தூக்கினாய். அந்த வயதில் நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவசரமாக என் இடது கையைத் தூக்கினேன். இப்போது சொல்கிறேன், அன்றைக்கு நீ வராமல் இருந்திருந்தால் நான் அந்தப் படியை மறுபடி ஏறியிருக்க மாட்டேன்.

பிறகு இரண்டு பேருக்கும் தனித்தனியே கல்யாணம் ஆனது. நீ கொட்டாஞ்சேனைக்குப் போனாய், நான் வெள்ளவத்தையிலேயே வங்கி வேலையும் வீடுமாகக் கிடந்தேன். மிஸ் அந்த அறையை மூடிவிட்டுப் பிள்ளைகளிடம் வெளிநாடு போய்விட்டார். போனில் முகம் பார்க்கும் வசதி வந்ததும் நீதான் முதலில் அழைத்தாய். காலையில் பால்மா டின்னில் போனைச் சாய்த்து வைப்பேன். அங்கே உன் குசினி, இடியப்பத் தட்டு, உன் மகனின் சப்பாத்தைத் தேடுகிற கலவரம். அதற்கு நடுவில் நீ கரண்டியோடு வலது கையைத் தூக்குவாய். "இழு, இன்னும் இழு, ரயிலு இன்னும் போகல" என்பாய். என் வீட்டு ஜன்னலுக்குக் கீழே ரயில் போயே இருக்காது.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். இந்த ஊரில் யாருக்குத்தான் வரவில்லை, ஒரு கிழமையில் எழும்பிவிடுவாய் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அழைத்தாய். "கையில ஊசி குத்தி வச்சிருக்காங்கடி, தூக்க முடியல. இன்னைக்கு ஒரு நாளு கண்ணாடியப் பாத்துச் செய்யி. அது கடிக்காது."

"நீ வா, வந்த பிறகு செய்யிறன்" என்றேன்.

நீ வரவில்லை. நானும் செய்யவில்லை. காலையில் பால்மா டின்னைப் பார்க்கப் பிடிக்காமல் அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். முதுகு இறுக இறுக, வலிக்கட்டும் என்று விட்டேன். நீ இல்லாமல் அதைச் செய்வது உன்னைக் கழித்துக்கட்டுவது போல இருந்தது.

நேற்று மறுபடி பாமன்கடைக்குப் போனேன். இரவெல்லாம் வலியில் புரண்டதுதான் காரணம், வேறு பெரிய ஞானோதயம் ஒன்றும் இல்லை. அந்தச் சின்னப் பெண் ஒன்றும் கேட்காமல் கண்ணாடிக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அக்கா, ஒருக்கா நிமிர்ந்து பாருங்கோ" என்றாள். நீ சொன்ன "அது கடிக்காது" காதுக்குள் கேட்டது. பார்த்தேன்.

எதிரே ஒருத்தி நின்றாள். அவளுடைய இடது தோள் ஏறியிருந்தது. வலப்பக்கம் விலா குழிந்திருந்தது. எனக்குத் தெரிந்த உடம்பு அது. என்னுடையது அப்படி இல்லையே, எனக்கு ஏறியிருப்பது வலது தோள் அல்லவா? கொஞ்ச நேரம் குழம்பிப்போய் நின்றேன். பிறகுதான் விளங்கியது. கண்ணாடி என் உடம்பை மாற்றிப் போட்டு உன் உடம்பாகத் திருப்பித் தந்திருக்கிறது. ஒப்பரேஷனுக்கு முந்திய நீ. வயிற்றைத் தட்டி "உள்ள யாரு?" என்று கேட்டவள். இத்தனை வருடம் நான் பயந்து சேலை போட்டு மூடியதெல்லாம் உன்னைத்தானாடி?

"இடது கையைத் தூக்குங்கோ அக்கா" என்றாள் பெண். தூக்கினேன். எதிரே நீ வலது கையைத் தூக்கினாய். குழிக்குள் மூச்சை இழுத்தேன். உன் விலா மெல்ல விரிவது தெரிந்தது. கண் கலங்கி வழிந்தது, துடைக்கவில்லை. துடைத்தால் கையை இறக்க வேண்டும்.

"காணும் அக்கா, இறக்குங்கோ" என்றாள். பிறகு இன்னொரு தடவையும் சொன்னாள்.

நீ இறக்காமல் நின்றாய். அதனால் நானும் இறக்கவில்லை.