உங்களைப் பற்றிக் கேட்டார்கள், இல்லை என்றேன்

இஞ்சாருங்கோ,

நேற்று, நான் வேலை செய்யும் சேலைக் கடையின் பின்னறையில் ஒரு பருத்திச் சேலையை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். ஈரத் துணியில் சூடு பட்டதும் அந்த மணம் எழும்பியது. உடனே திரும்பிப் பார்த்தேன். நீங்கள் போய் இரண்டாவது வருடம் நடக்கிறது, இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். வெட்கக்கேடு. முதலாளி அண்ணை கண்டுவிட்டார்.

“என்ன தங்கச்சி, ஆரைத் தேடுறீர்?”

“ஒருத்தரையும் இல்லை அண்ணை.”

இந்த ‘இல்லை’தான் இப்போது என்னைப் போட்டுக் குழப்புகிறது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெஞ்சுப் புறநகரான பொபினியில், எங்கள் வீட்டில் நீங்கள் சட்டை அயன் பண்ணுவதை ஒரு கூத்துப் போலப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதுகில் மடிப்பு, கையில் மடிப்பு, பொக்கற்றுக்கு மேலே மடிப்பு. மகளின் அடிமட்டத்தை வைத்து அளந்து அளந்து செய்வீர்கள். பிறகு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கே போவீர்கள்? லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்குக் கத்தரிக்காய் வாங்க. மரக்கறிக் கடைக்காரர்கூட உங்களைக் கண்டால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், “இதை எங்கை பழகினீங்கள்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். “ஆமியிலை” என்றீர்கள், தலையை நிமிர்த்தாமல்.

என் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் ஊரில் ஆமி என்றால் ஒன்றுதான். என் அண்ணா ரியூசன் வகுப்புக்கென்று சைக்கிளில் போனவன். சோதனைச் சாவடியில் ஆமி மறித்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவனையும் காணவில்லை, சைக்கிளையும் காணவில்லை. ஓல்னேயில் இருக்கும் சித்தி, “மாப்பிள்ளைக்கு நல்ல பேப்பர் இருக்கு, பிரெஞ்சுக்காரன் மாதிரிக் கதைப்பார்” என்று மட்டும்தான் சொல்லிக் கட்டிவைத்தா. அந்த வதிவிடப் பேப்பர் எப்படி வந்தது என்று சொல்லவில்லை. அவவுக்கும் தெரியாதோ என்னவோ. சில நாட்கள் நான் உங்களோடு கதைக்கவில்லை. சமைத்தேன், சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைத்தேன், போய்ப் படுத்தேன். கடைசியில் நீங்களே குசினி வாசலில் வந்து நின்றீர்கள்.

“அது வேறை ஆமி. பிரெஞ்சு ஆமி. வெளிநாட்டுக்காரரையும் எடுப்பினம். என்ரை அகதிக் கேஸ் ரெண்டு தரமும் தள்ளுபடி. ஐஞ்சு வருசம் நிண்டால் பேப்பர் குடுப்பினம் எண்டாங்கள். எனக்கு வேறை வழி தெரியேல்லை.”

“அங்கை ஆரையாவது சுட்டனீங்களோ?”

“நான் அங்கை சமைச்சனான்.”

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பெரிய சட்டியில் பருப்பைக் கிண்டிக்கொண்டு ஒரு மனிதர் நிற்கிறார், அவ்வளவுதான் என்று மனதில் ஒரு படத்தை மாட்டிவைத்தேன். உங்கள் மீன்குழம்பும் அதற்குச் சாட்சி சொன்னது. ஆனால் பிறகு ஒருநாள் யாரோடோ தொலைபேசியில், லொறி ஓட்டிய காலம் என்று பிரெஞ்சில் எதையோ சொன்னீர்கள். சமையல்காரருக்கு லொறி எதற்கு? இன்னொரு நாள், மகள் சின்னப்பிள்ளை, ஜூலை மாதத் தேசிய நாள் வாணவேடிக்கை பார்க்கக் கால்வாய்ப் பக்கம் போயிருந்தோம். முதல் வெடிக்கே எங்கள் இருவரின் தலையையும் புல்லோடு சேர்த்து அழுத்திவிட்டீர்கள். மகள் அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். என் கழுத்தை அழுத்திய கையை மட்டும் கடைசி வெடி ஓயும்வரை நீங்கள் எடுக்கவில்லை. பிறகு நான் எழும்பி உங்கள் சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டேன்.

நீங்கள் அடிக்கடி சொன்னவை இரண்டு. ஒன்று, “அந்த ஐஞ்சு வருசத்தாலை வாற ஒண்டும் இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது. பிள்ளைக்கும் தெரிய வேண்டாம்.” மற்றது, ஒவ்வொரு செப்டெம்பரிலும் மகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு நான் உறை போடும்போது, “நீர்தான் படிச்சிருக்கவேணும். என்ன பாடுபட்டாவது உம்மைக் கம்பசுக்கு அனுப்பாமல் விடமாட்டன்.” யாழ்ப்பாணக் கம்பசில் கணிதத்துக்கு இடம் கிடைத்தும் போகமுடியாமல் இங்கே ஓடிவந்தவள் நான். அதை என்னைவிட நீங்கள்தான் அதிகம் நினைத்து வருந்தினீர்கள். இந்த இரண்டு பேச்சும் ஒரே வாயிலிருந்து வந்தவை. இப்போது இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன, நடுவில் நான் நிற்கிறேன்.

களஞ்சியத்தில் வேலை செய்துகொண்டு நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சாய்ந்த பிறகு, என் தலைக்குள் ஓயாத இரைச்சல். மகளின் பழைய கணிதப் புத்தகத்தைத் திறந்து ஒரு கணக்கைச் செய்யும்போது மட்டும் அது அடங்கியது. அதனால்தான் இந்த வயதில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். பகிடி என்னவென்றால், எடுத்துவிட்டார்கள். ஆனால் படிப்பதென்றால் கடை வேலையைப் பாதியாகக் குறைக்கவேண்டும். குறைத்தால் வீட்டு வாடகைக்கு எங்கே போவது?

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் சிநேகிதர் கடைக்கு வந்தார். மடகஸ்காரைச் சேர்ந்தவர், நெடுத்த ஆள், மொட்டைத் தலை. உங்களோடு படையில் இருந்தவராம், நீங்கள் போன செய்தி அப்போதுதான் கிடைத்ததாம். பக்கத்துக் கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். வடையை ஒரு கடி கடித்துவிட்டு, “உங்கள் கணவர் என்னமாய்ப் பாடுவார்!” என்றார். லொறியில் போகும்போது எல்லோரையும் தமிழில் பாடவைப்பீர்களாம், ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்காதாம். எனக்குக் கோபம்தான் வந்தது. மகளுக்கு ஒரு தாலாட்டு, அதுகூட நீங்கள் பாடிக் கேட்டதில்லை. அந்தப் பாட்டுக்காரரை ஏன் எனக்குக் காட்டவில்லை?

“அங்கே நன்றாகச் சமைப்பாராமே?” என்று கேட்டேன்.

தேத்தண்ணி சிந்தச் சிந்தச் சிரித்தார். “அவரா? சமையலறைப் பக்கமே விடமாட்டோம்!”

“அப்படியென்றால் என்ன வேலை செய்தார்?”

அந்த மனிதர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “நல்ல படைவீரர், மேடம்” என்றார். போகும்போதுதான் படிப்பு உதவியைப் பற்றிச் சொன்னார். படையில் இருந்தவர்கள் படிப்பதற்கு அரசாங்கத்தில் உதவி இருக்கிறதாம், இறந்துபோனவர்களின் மனைவிமாரும் கேட்கலாமாம், தேவையான பத்திரங்களைத் தானே எடுத்துத் தருவாராம். வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீங்கள் சொன்ன அந்த ஐந்து வருடம், நீங்கள் எனக்காக ஆசைப்பட்ட படிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சரி, கேட்டுப்பார்ப்போம் என்று திராம் வண்டி எடுத்துப் போனேன். பல்கலைக்கழகத்தில் என்னைப்போலப் பிந்திப் படிக்க வருகிறவர்களுக்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே இருந்த பெண் நல்லவள், பெயரைக்கூடப் பிழையில்லாமல் சொல்ல முயற்சி செய்தாள். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, “உங்கள் கணவர் எப்போதாவது படையில் இருந்தவரா?” என்றாள்.

அதைச் சொல்லத்தான் போயிருந்தேன். சிநேகிதர் எடுத்துத் தந்த பத்திரங்கள் கைப்பையில் இருந்தன. என் வாய் என்ன சொன்னது தெரியுமா? “இல்லை, மேடம். ஒருபோதும் இல்லை. அவர் அமைதியான மனிதர். எந்த ஆயுதத்தையும் தொட்டதில்லை.”

ஒரு மூச்சில் சொன்னேன். இலக்கணப் பிழைகூட இல்லை. இந்த நாட்டில் நான் முதன்முதலாகப் பாடமாக்கிய பிரெஞ்சு அதுதான். அகதி விசாரணைக்கு முன்னால், லா சப்பலில் கேஸ் எழுதிக்கொடுத்த ஐயா என்னை இருத்திவைத்துப் பழக்கினார். “நீயோ, வீட்டிலை வேறை ஆரோ, ஆயுதம் தூக்கினவையோ எண்டு கேப்பாங்கள். யோசியாதை பிள்ளை. யோசிச்சால் பிடிபடுவாய். இல்லை எண்டு சொல்லு.” எங்களில் எத்தனை பேர் அப்படிப் பழகியிருப்போம்! அந்தப் பெண் பதிந்துகொண்டாள். நான் நன்றி சொல்லி, கைகொடுத்து, திராமில் ஏறி இருந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. முன்னால் இருந்த பெண் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

அது வெறும் பழக்கம்தானா? இல்லை, உங்கள் சொல்லைக் காப்பாற்றினேனா? அல்லது அந்த வசனம் உண்மையாக இருக்கவேண்டும் என்று இத்தனை காலமும் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருந்தேனா? திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன். கணக்கென்றால் எங்காவது பிடி கிடைக்கும், இதில் கிடைக்கவில்லை.

உதவி இல்லை என்று பதில் வந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள். எந்த உதவி என்று நான் மழுப்ப மழுப்ப, “அப்படி என்னதான் சொன்னீர்கள் அம்மா?” என்று பிரெஞ்சில் பொரிந்தாள். ஏதோ பொய் சொல்லிவிட்டேன் என்றேன். “உலகம் முழுக்க உதவி கிடைக்கத்தான் பொய் சொல்லும். கிடைக்காமல் இருக்க யாராவது சொல்வார்களா?” என்றாள். அடுத்த முறை அலுவலகத்துக்குப் போகும்போது தானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வராதே என்று சொல்ல நான் ஒரு காரணம் தேடினேன், அகப்படவில்லை. இன்னொருமுறை பிந்தினால் எனக்கு ஒதுக்கிய இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அதே அலுவலகம், அதே பெண், அதே கேள்வி. பக்கத்தில் மகள். ஓம் என்றால் நீங்கள் என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரே விசயம் உடைந்துபோகும். இல்லை என்றால் என் படிப்பு போகும். உங்களை நினைத்து ஆத்திரமும் வந்தது, இப்படி ஒரு இடத்தில் என்னை விட்டுவிட்டுப் போனீர்களே என்று.

“ஓம்” என்றேன். தமிழில்தான் வந்தது. அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். பிறகு பிரெஞ்சில் சொன்னேன்: “இருந்தவர், மேடம். ஐந்து வருடம்.”

“அங்கே என்ன பொறுப்பில் இருந்தார்?”

“எனக்குத் தெரியாது.”

“போனமுறை ஏன் இல்லை என்றீர்கள்?”

“அதுவும் எனக்குத் தெரியாது.”

அவள் முந்திய பதிலை வெட்டிவிட்டு எழுதினாள். மகள் என் பக்கம் திரும்பவேயில்லை. வெளியே வந்தோம், திராமில் ஏறினோம், அவள் யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கத்துவாள் என்று பயந்தேன், அல்லது அதனால் என்ன என்று தோளைக் குலுக்குவாள் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. தமிழில் கேட்டாள். நாங்கள் என்ன கேட்டாலும் பிரெஞ்சில் மறுமொழி சொல்கிற பிள்ளை, தன் சின்ன வயதுத் தமிழில், மெதுவாக.

“அம்மா, அப்பா ஆக்களைச் சுட்டவரோ?”

“எனக்குத் தெரியாது குஞ்சு. ஒருக்காத்தான் கேட்டனான்.”

“ஏன் திரும்பக் கேக்கேல்லை?”

எப்போதும் வராத உண்மை அந்த இடத்தில் வந்துவிட்டது. “பயம். இல்லை எண்டு சொன்னால் நான் நம்பியிருக்கமாட்டன். ஓம் எண்டு சொன்னால் நான் அவரோடை இருந்திருக்கமாட்டன்.”

மகள் யோசித்தாள். நீங்கள் யோசிக்கும்போது வரும் அதே முகம் அவளுக்கு. பிறகு என் கையைப் பிடித்து, “இருந்திருப்பீங்கள் அம்மா” என்றாள்.

போன கிழமை படிப்பு உதவிக்குச் சம்மதம் வந்தது. திங்கட்கிழமை முதல் வகுப்பு. உங்கள் ஐந்து வருடத்தின் செலவில் நான் படிக்கப்போகிறேன், அந்த ஐந்து வருடத்துக்குள் என்ன இருந்தது என்று தெரியாமலே. அது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நீங்கள் கோபிப்பீர்களோ, சந்தோசப்படுவீர்களோ, அதுவும் தெரியவில்லை. மகள் சொன்னதைத்தான் நாள் முழுவதும் உள்ளே வைத்துக்கொண்டு திரிகிறேன். சில நாள் அவள் சொன்னது சரி என்று படுகிறது. சில நாள் அண்ணாவின் முகம் வந்து நிற்கிறது. இன்று இதை எழுதும்போது, நீங்கள் ஓம் என்று சொல்லியிருந்தாலும் உங்களோடு இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நான் இருப்பேன் என்பது நீங்கள் உயிரோடு இருக்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.