பெரிய வெள்ளியன்று யூலியானாவைக் கட்டிய கயிறு

சேசு மரி சூசை துணை

நாரந்தனை
14.07.2025

அன்பு மகள் ஜெனீற்றாவுக்கு,

நடந்ததெல்லாம் நடக்குமென்று நான் தை மாதமே சொன்னனான், என் சொல்லை ஆர் கேட்டது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், எலும்பு முறிந்தவனும் உயிரோடுதான் இருக்கிறான், அங்கே பேர்கன் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன். பிள்ளைத்தாச்சிகளுக்கு வருகிற சலரோகத்தை வீட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள், பிள்ளை பிறந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்று தாதிமார் படிப்புக்கு ஆராய்ச்சி செய்கிறாயாம், தங்கச்சிக்கு நடந்ததை நடந்தபடி எழுதித் தாங்கோ மாமா, பேரை மாற்றிப் போடுகிறேன் என்று கேட்டாய். போனில் சொன்னால் நீ இடையில் மறித்துக் கேள்வி கேட்பாய், ஆகவே எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவன் எழுதியது என்று உன் புரபெசர்மாருக்குச் சொல்லு, ஆனால் சலரோகத்தில் என்னளவு விளக்கம் உள்ளவன் இந்தத் தீவில் இல்லை, உன் தங்கச்சி யூலியானாவின் கண்ணைப் பார்த்தே சீனி எவ்வளவு என்று சொல்லிவிடுவேன், மெசின் பிறகுதான் ஆமோதிக்கும்.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம், காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. ஊசி போட்டால் அரைமணிக்குள் சாப்பிட வேண்டுமென்று சரவணையிலிருந்து வருகிற மிட்வைஃப் கிருசாந்தி நூறு தரம் சொன்னவள். ஆனால் அவள் சைவப்பிள்ளை, எங்கள் ஒருசந்தி நோன்பு எப்போது வருமென்று அவளுக்கு என்ன தெரியும், உன் தங்கையும் சொல்லவில்லை, சொன்னால் மறிப்பாள் என்று பயம். பெரிய வெள்ளி காலையில், ஊசி வாயாலே போறதில்லைத்தானே மாமா, அது ஒருசந்தியை முறிக்காது என்று சொல்லி ஊசியைப் போட்டுக்கொண்டு, ஒரு மிடறு கஞ்சியும் குடியாமல் வெய்யிலில் சிலுவைப்பாதை முழுக்க முழங்காலில் நின்றாள். பதினொரு மணிக்கு வந்து குசினிக்குள் தேங்காய் துருவினாள். சட்டை பிழிகிற அளவுக்கு வேர்வை. அவள் புருஷன் அமலதாஸ், கஞ்சி ஆச்சோ என்று கேட்டான், அவ்வளவுதான் கேட்டான். துருவலையைத் தூக்கி அவன் நெற்றியில் எறிந்தாள், எலும்பு தெரிய வெடித்தது, தேங்காய்ப்பூ முழுக்க இரத்தம். பிறகு உலக்கை. அலுமாரிக் கண்ணாடி போயிற்று, என் கதிரை இரண்டாகப் போயிற்று, மீன் வெட்டுகிற கத்தி என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் நின்று ஆடியது, வேறொருவன் என்றால் அன்றைக்கே சவக்காலை. கடற்கரையில் கிழவன்மாரும் பேசாத தூஷணம் அந்த வாயிலிருந்து வந்தது. ஏழு ஆம்பிளையின் பலம், குசினிக்குள் இருந்ததோ நாங்கள் மூன்று பேர்தான்.

அமலதாஸ் என்ன செய்தான் தெரியுமா, பேய் பிடிச்சிட்டுது என்று கத்தி, வயிற்றுப்பிள்ளைக்காரி என்றும் பாராமல் வலைக்கயிற்றால் குசினித் தூணோடு சேர்த்துக் கட்டினான். மணிக்கட்டுத் தோல் உரிந்து இரத்தம் வழிந்தது. அவள் தூணில் தலையை அடித்தாள், அடித்து அடித்துப் பிறகு தலை தொங்கிக் கண் மேலே போயிற்று. வேர்த்துக்கொண்டு சண்டை பிடித்தால் சீனி இறங்கிவிட்டது, முதலில் சீனி கொடு, பிறகு விசாரணை என்று நீ போனில் சொன்னது அப்போது எனக்கு மின்னலாய் வந்தது. அவனை உதைத்துத் தள்ளிக் கயிற்றை அறுத்து, அவளைச் சரித்துப் பிடித்துச் சீனியைக் கன்னத்துக்குள் தேய்த்தேன். விரலைக் கடித்தாள், நான் எடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் கண் திறந்து, ஏன் ரெண்டு பேரும் என்ர குசினிக்குள்ள நிக்கிறியள் என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை, இன்றைக்கும் இல்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் துடிப்புச் சரி என்றார்கள், அந்தப் பிள்ளைதான் ஆனி ஐந்தாம் திகதி மூன்று கிலோவாகப் பிறந்து இப்போது வீட்டைத் தலைகீழாக்குகிறது.

இந்தக் கதையை நான் சொன்னபடி ஊர் கேட்டது, உன் தம்பி சுஜிதனும் கேட்டான். அல்லைப்பிட்டியிலிருந்து மோட்டச்சைக்கிளில் வந்து, வள்ளத்தில் கிடந்த தாங்குகம்பை எடுத்துக் கடற்கரையில் வைத்து அமலதாசுக்கு அடித்தான். காறையெலும்பு முறிந்தது, இரண்டு பல் மணலில் விழுந்தது. அமலதாஸ் திருப்பிக் கையை ஓங்கவில்லை. நீயும் போனில் அவனுக்கு, வளவுக்குள் கால் வைக்காதே என்று சொல்லிவிட்டாய். இப்போது கடற்கரை மீன்வாடிக்குள் படுக்கிறான், ஒரு கை தொங்குகிறது, தொழிலுக்குப் போக ஏலாது, பிள்ளையின் முகம் அவன் இன்னும் காணவில்லை. வருகிற ஞாயிறு ஞானஸ்நானம், கோயில் வாசலுக்கு அவன் வந்தால் இந்தமுறை எலும்போட விடமாட்டன் என்று சுஜிதன் கத்தி தீட்டுகிறான். பிள்ளை பிறந்தவுடன சீனி போச்சுது எண்டு நினையாதேங்கோ, ஆறாம் கிழமை கிளினிக்கில திரும்பச் சீனி பாக்க வேணும் என்று கிருசாந்தி இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டாள். யூலியானாவோ, ஆரோட போறது, கட்டிப்போட்டவனோடயோ என்று சுவரைப் பார்த்துக்கொண்டு படுக்கிறாள். கிளினிக்குக்கு ஒவ்வொரு முறையும் அவளைக் கூட்டிக்கொண்டு போனவன் அவன்தான்.

அந்தோனியார் உன்னைக் காக்க, உன் படிப்பு நல்லபடி முடிய, சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. ஒரு விஷயத்தை மறவாதே, உன் ஆராய்ச்சியில் பதிகிறதுக்கு முன் ஓரிடத்தைத் திருத்து. பேய் என்று கத்தினது நான். கயிறு என்னுடைய வலைக்கயிறு, முடிச்சு என்னுடைய முடிச்சு. நெற்றி வெடித்த இரத்தம் கண்ணுக்குள் ஓட ஓட அவன், பேயில்லை மாமா, சீனி இறங்கிட்டுது, ஜெனீற்றா மச்சாள் சொன்னவ, அவிழுங்கோ என்று கும்பிட்டான், அவனை உதைத்தேன். அறுத்ததும் சீனி வைத்ததும் அவன், அவள் கடித்து நகம் போனதும் அவன் விரலில். சனம் கூடி ஆர் கட்டினது என்று கேட்டபோது என் வாய் அவன் பேரைச் சொல்லிவிட்டது, அவன் என்னைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். உங்கள் மூன்று பேரையும் வளர்த்த மனிசனை ஊர் முன்னால் பொய்யனாக்க மனம் வரவில்லைப் போல. கத்தியும் கையுமாய் இருக்கிறவனுக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை. ஞாயிறுக்கு முன் சுஜிதனுக்கும் யூலியானாவுக்கும் நீ போன் எடுத்துச் சொல்லு, அவளைக் கட்டினது நான் என்று.

இப்படிக்கு,
உன் மாமா
ம. பஸ்ரியாம்பிள்ளை