நாற்பத்தொன்றாம் பக்கம்

மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

நலம்தானே? உங்கள் தங்கைக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. பத்தொன்பது வருடம் ஒரு வரி எழுதாதவன் காரியம் என்றதும் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். தப்பில்லை.

அன்று நாம் செய்த பட்டாணி நாற்றுச் சோதனைக்கு இப்போது வினை வந்திருக்கிறது. இருட்டறையில் பத்து நாள் காலை ஆறு மணிக்கு ஒரே பக்கம் விளக்குப் போட்டோம். பதினோராம் நாள் போடாமலே நாற்றுகள் அந்தப் பக்கம் வளைந்தன. செடிக்கு நினைவு உண்டு என்று கட்டுரை எழுதினேன். இப்போது மூன்று இடத்தில் செய்து பார்த்தார்களாம், நிமிர்ந்தே நிற்கிறதாம். நான் இட்டுக்கட்டியதாகச் சந்தேகப்பட்டு விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். நீங்கள் அன்று எழுதிய நோட்டு கிடைத்தால் என் வேலை தப்பும். பரணில் தேடிப் பாருங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை

மார்ச் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தேட வேண்டாம். மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

"நம்" சோதனையா? கட்டுரையில் உங்கள் பெயர் மட்டும்தானே இருந்தது. அடியில் பொடி எழுத்தில் "உதவிய நண்பருக்கு நன்றி". கொசுக்கடியில் பதினோரு நாள் உட்கார்ந்தவனை மச்சான் என்றுகூடப் போடவில்லை.

வகுப்பில் அழகாகச் சொல்வீர்கள்: தண்டில் வெளிச்சம் படாத பக்கம்தான் கூடுதலாக நீளும், அதனால்தான் செடி வெளிச்சத்தைப் பார்க்க வளையும் என்று. அந்தப் பக்கத்தில் இருந்தவன் கேட்கிறேன். சோதனையைச் செய்தது நான் என்று அதே இதழில் அச்சாகட்டும். பிறகு நோட்டு வரும்.

மச்சான்

மே 20

அன்புள்ள மச்சானுக்கு,

அச்சாகிவிட்டது, பிரதி இணைத்திருக்கிறேன். உங்கள் பெயர்தான் முதலில். "சோதனை முழுவதையும் செய்தவர் இவரே, இவருடைய குறிப்பேடே ஆதாரம்" என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். உங்கள் தங்கை அதைப் பத்துத் தடவை படித்துவிட்டு, "இனிமேலாவது அண்ணன் வீட்டுக்கு வருவாரான்னு கேளுங்க" என்றாள். வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. நோட்டை உடனே அனுப்புங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை

மே 24

மாப்பிள்ளைக்கு,

நோட்டைக் குழுவுக்கே நேராக அனுப்பிவிட்டேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தை நீங்கள் படித்ததில்லை. மனப்பாடமாகவே சொல்கிறேன்:

"பதினோராம் நாள். விளக்குக்கு மேலே ஜன்னலில் ஒட்டிய கருப்புத் தாள் கிழிந்திருக்கிறது. ஒரு விரல் அகலம் வெளிச்சம். நாற்றுகள் அதைப் பார்த்துத்தான் வளைந்திருக்கின்றன. சாயங்காலம் மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும்."

சொல்லத்தான் வந்தேன். உங்கள் மேசையில் கட்டுரை தபால் உறையில் தயாராக இருந்தது, உங்கள் பெயர் மட்டும் போட்டு. தங்கை கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அச்சாகும் முன்பே காட்டியிருந்தால், எவனோ உதவியாளன் கிறுக்கியது என்று தள்ளியிருப்பீர்கள். இனி முடியாது. ஆதாரம் அதுதான் என்று நீங்களே அச்சிட்டுவிட்டீர்கள். என் பெயரும் கூடவே கெடும். இரண்டு நாள் அதை அச்சில் பார்த்துவிட்டேன், போதும்.

அண்ணன் வரமாட்டான் என்று தங்கையிடம் சொல்லிவிடுங்கள். ஏன் என்றும் நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உதவிய நண்பர்