மதகுக்கு அப்பால் மூன்று கொடிகள்

என் சரசுவுக்கு,

‘அன்புள்ள’ என்று போடவில்லை. “அன்புள்ளன்னு பேங்க்காரன்கூடத்தான் எழுதறான்க்கா” என்று நீ ஒருமுறை சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. நம் ஏரிக்கரை ஓட்டம் நேற்று மறுபடியும் நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நல்ல செய்தி கொஞ்சம்தான். உன்னிடம் நான் எதையும் இனிப்புத் தடவிச் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன்.

உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். நம் ஆரணியில் ஞாயிறு விடிந்ததும் ஏரிக்கரைப் பாதையில் அந்த ஓட்டம். கட்டணம் கிடையாது, பரிசும் கிடையாது. ஓடலாம், நடக்கலாம். வருகிறவர்கள் மாதத்தில் ஒருநாள் அரிவாளோடு வந்து சீமைக்கருவேல முள்ளை வெட்டித் தர வேண்டும், அவ்வளவுதான். மனிதர் கால் பட்டால்தான் அந்தப் பாதை பிழைக்கும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் முள் மூடிவிடும், மறுபக்கம் மண் அள்ளும் டிராக்டர் ஏறிவிடும்.

அதில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோருக்கும் பின்னால் ஒருவர் நடந்து வருவார். வழிகாட்ட நட்ட கொடிகளைப் பிடுங்கிக்கொண்டே வருவார். அவர் இருப்பதால் ஓட வந்தவர்களில் யாரும் கடைசி ஆள் ஆவதில்லை. அந்த வேலையை நீயாகக் கேட்டு வாங்கிக்கொண்டாய். கொடிகளும் உன்னுடையவைதான், உன் வீட்டுத் தறியில் வெட்டி எறிந்த சிவப்புப் பட்டுத் துண்டுகள்.

என் வீட்டுக்காரர் இறந்து நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, நீ வந்து என் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டாய். “மாட்டுக்கா. அழுவறத நடந்துகினே அழுவலாம்.” கான்வென்டில் படித்த எனக்கு, வாயில் வந்ததை அப்படியே பேசுகிற உன்னை அதுவரை அவ்வளவாகப் பிடிக்காது. அன்று செருப்பை மாட்டினேன்.

ஏன் கடைசியாக வர ஆசைப்படுகிறாய் என்று கேட்டேன். “நாப்பது வருஷம் குழித்தறில உக்காந்து மிதிச்சேன். எவ்ளோ மிதிச்சும் ஒரு அடி நகரல. இப்பதான் நகர்றேன். ஜல்தியா வான்னு என்ன ஒருத்தரும் சொல்லக் கூடாது.”

உன்னை இழந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வந்தவாசியில் இருந்தேன். தம்பி பேத்திக்கு முதல் நற்கருணை. நீ தனியாக நடந்தாய்.

முடிவிடத்தில் மேசை போட்டுத் தினேஷ் உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடும் அந்தத் தம்பிதான் எல்லாவற்றையும் நடத்துகிறான். வந்து சேர்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தான். எண்ணிப் பார்த்தான், புறப்பட்டவர்களின் கணக்கோடு சரியாக இருந்தது. “எல்லாரும் வந்துட்டாங்க” என்றானாம். மேசையை மடித்தார்கள், டீ குடித்தார்கள், கலைந்தார்கள். கடைசியாக வருகிறவர் ஓட வந்தவர் இல்லையே, அவருக்கு டோக்கன் கிடையாது. எத்தனையோ வாரங்கள் இதே மேசையைப் பார்த்திருக்கிறோம், நம்மில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

நீ மதகுப் படியில் உட்கார்ந்திருந்தாய், மடியில் சுருட்டிய கொடிகளோடு. ஆடு மேய்க்கிறவர் உன்னைத் தாண்டிப் போயிருக்கிறார். இளைப்பாறுகிறாய் என்று நினைத்தாராம். அவர் திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. சேதி கேட்டு நான் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் ஒருத்தி, “கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா...” என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். அந்த வாக்கியத்தின் மிச்சம் என்ன, சரசு? யாரையாவது கூப்பிட்டாயா? போனை வீட்டில் வைத்துவிட்டுத்தானே வருவாய், “எடுத்துகினு வந்தா மோகன் கூப்ட்டுகினே இருப்பான்” என்று.

உன் பிள்ளை மோகன் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னான். நடந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன் என்றான். தினேஷ் பயந்து நிறுத்திவிட்டான். ஒரு மாதத்துக்கு மேல் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஒருநாள் நான் போய்ப் பார்த்தேன். கரைமேல் டிராக்டர் தடம். நீ முழங்கை கிழிய வெட்டிய இடத்தில் முள் மறுபடி முழங்கால் உயரம். அங்கிருந்து நேரே உன் வீட்டுக்குப் போனேன்.

மோகன் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“உங்களுக்குப் பொழுது போவல. எங்கம்மாவ ஏன் இழுத்துகினு போனீங்க?”

“நான் இழுத்துகினு போவலப்பா. உங்கம்மாதான் என்ன இழுத்துகினு போனா.”

“வயசானவங்கள கடைசில தனியா உட்டுட்டு டீ குடிச்சிருக்கானுங்க. இதுல ஓட்டம் வேற கேக்குதா?”

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால் நான் அதை மறுக்கவில்லை. “கோவப்படு. என்மேலயும் படு” என்றேன். “ஆனா நிறுத்தினா அந்த வழி இன்னும் கொஞ்ச நாள்ல மூடிடும். உங்கம்மா கடைசியா உக்காந்த எடத்துக்கு நீயே போவணும்னாலும் போவ முடியாது. ஒரு தடவையாவது போய்ப் பாத்தியா?”

போகவில்லை. அவன் முகத்திலேயே தெரிந்தது. “செய்யறத செய்ங்க. நான் வர மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன்” என்றான். உன் மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள். நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன்.

தினேஷிடம் ஒரே நிபந்தனை போட்டேன். கடைசியாக வருகிறவர் புறப்படும்போதே ஒரு டோக்கன் எடுத்துச் செல்ல வேண்டும். அது திரும்பி வரும்வரை மேசையை யாரும் மடிக்கக் கூடாது. “சரிங்கம்மா” என்றான். பிறகு, “நான் எண்ணினேன்ம்மா. சரியாத்தான் எண்ணினேன்” என்றான். இதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான், பாவம்.

நேற்று வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சாவு விழுந்த வழி என்று சிலர் வீட்டிலேயே தடுத்துவிட்டார்களாம். கடைசியாக வர யார் என்று தினேஷ் கேட்டபோது எல்லோரும் கீழே பார்த்தார்கள். நான் டோக்கனை எடுத்துக்கொண்டேன்.

மதகுவரை புதுக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டே போனேன். படியில் உட்காரக் கூடாது என்று நினைத்திருந்தேன். கால் கேட்கவில்லை, உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் முன்னே போகிறவர்கள் யாரும் தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை. அன்றும் இப்படித்தான் இருந்திருக்கும்.

எழுந்து மதகைத் தாண்டினேன். அங்கே புதுக் கொடிகளுக்குப் பக்கத்தில் வேறு மூன்று நின்றுகொண்டிருந்தன. வெயிலில் வெளுத்து, ஓரம் பிரிந்து. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எடுக்காமல் விட்டவை. அவற்றைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை போலும். மூன்றையும் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டேன்.

மேசை அப்படியே இருந்தது. யாரும் டீயைத் தொடவில்லை. தினேஷ் நின்றுகொண்டே இருந்தான். டோக்கனை வைத்தேன், பிறகு உன் கொடிகளை வைத்தேன். அவன் அவற்றைப் பார்த்தான். அதன் பிறகுதான் உட்கார்ந்தான்.

இந்தக் கால் நடக்கிறவரை கடைசியாக நான் வருகிறேன், சரசு. நான் விழுந்தால் தேடி வர ஆள் இருக்கும்படி செய்துவிட்டேன். உனக்கு அதைச் செய்திருக்க வேண்டும். மோகன் என்றாவது ஒருநாள் வந்தால், மதகுப் படிவரை வழி திறந்திருக்கும்.

என்னை ஜல்தியா வா என்று நீயும் கூப்பிடாதே.

எந்நாளும் உன் அக்கா,
ஸ்டெல்லா